இருநூறு தடவை போயும் பார்க்காத ஊர்

கியூபெக் நகரத்தைப் பற்றி எது தெரிய வேண்டுமென்றாலும் த்ருவா-பிஸ்தோல் ஊர்க்காரர்கள் கிளேர்மோன் தெரோசியேயிடம்தான் போவார்கள். எந்தத் தெருவில் மத்தியானம் நிழல் விழும், எந்தக் கடையில் பட்டாணி சூப் தண்ணீராக இருக்கும், எந்தத் தேவாலயத்துக்குள் போனால் தலையைத் தூக்கி மேலே பார்க்க மறக்கக் கூடாது, எல்லாம் அவருக்கு விரல் நுனியில். பத்தொன்பது வருஷமாகச் சுற்றுலாப் பேருந்து ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? மூத்தோர் சங்கம், பாடகர் குழு, தீயணைப்புக்காரர்களின் குடும்பங்கள் என்று வருஷத்தில் பத்துப் பன்னிரண்டு முறை யாரையாவது ஏற்றிக்கொண்டு ஆற்றை ஒட்டியே இரண்டரை மணி நேரம் ஓட்டிப் போவார். காலையில் இறக்கிவிடுவார், சாயங்காலம் ஏற்றிக்கொண்டு திரும்புவார்.

நகரத்தை நெருங்கியதும் மைக்கைக் கையில் எடுப்பார். அதற்காகவே முன் இருக்கைக்கு அடித்துக்கொள்கிற ஆட்கள் இருந்தார்கள்.

"கழுத்தொடி படிக்கட்டுல அவசரப்படாதீங்க. பாதி வழியில பெஞ்சு போட்டிருக்கு, உட்கார்ந்து மூச்சு வாங்கிட்டுப் போங்க. மேல போனா பலகை பாவின பெரிய நடைமேடை. காத்து தொப்பியைத் தூக்கிட்டுப் போயிரும், பொம்பளைங்க ஊசி குத்திக்குங்க. படம் வரைஞ்சு விக்கிற படக்காரங்க சந்துல முதல்ல சொல்ற விலைக்கு யாரும் தலையாட்டிராதீங்க. ஆட்டினீங்கன்னா இந்த வண்டியில இடமில்ல, சொல்லிட்டேன்."

வண்டி முழுக்கச் சிரிக்கும்.

அத்தனையும் கேள்விஞானம். கிளேர்மோன் அந்தப் படிக்கட்டில் ஒரு படி ஏறினவரில்லை. நடைமேடையின் ஒரு பலகையை மிதித்தவரில்லை. இருநூறு தடவைக்கு மேல் அந்த ஊருக்குப் போய், அவர் கண்ணால் கண்டதெல்லாம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த பேருந்து நிறுத்துமிடம் ஒன்றைத்தான்.

முதல் வருஷம் அவருக்கும் ஆசை இருந்தது. இரண்டாவது பயணத்திலேயே வண்டியைப் பூட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். கால் மணியில் திரும்பி வந்தால் பக்கக் கண்ணாடி உடைந்து கிடக்கிறது, ஒரு அம்மாளின் கம்பளி மேலங்கியைக் காணோம். முதலாளி எல்லோர் எதிரிலும் வைத்துக் கத்தினார். அன்றிலிருந்து வண்டியை விட்டு நகர்வதில்லை என்று சபதம். பிறகு அதுவே பழகிவிட்டது. நிறுத்துமிடத்தில் மற்ற ஓட்டுநர்களோடு சீட்டாட்டம், ஹாம் வைத்த ரொட்டி, பின் இருக்கையில் ஒரு குட்டித் தூக்கம். போஸ் வட்டாரத்திலிருந்து வண்டி ஓட்டி வருகிற ஃபபியென் வந்துவிட்டால் சிரித்துச் சிரித்தே பொழுது போய்விடும்.

ஆனால் திரும்புகிற வழியில் முன் இருக்கைப் பேச்செல்லாம் ஓட்டுநரின் காதில்தானே விழும்? ஒருத்தி பார்த்ததை இன்னொருத்தி மறுப்பாள், மூன்றாமவள் தீர்ப்புச் சொல்வாள். கிளேர்மோனுக்கு நல்ல காது. கேட்டதையெல்லாம் கோத்துக் கோத்து வைத்துக்கொண்டார். ஒரு நாள் யாரோ வழி கேட்க, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதற்கப்புறம் "நான் பார்த்ததில்லை" என்று சொல்ல வேண்டிய நாள் ஒன்று வரவே இல்லை. வந்தபோதெல்லாம் தாண்டிப் போய்விட்டது. வீட்டிலும் அப்படித்தான். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த அவர் மனைவி லிசெத், ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில் "இன்னிக்கு என்ன பார்த்தே?" என்று கேட்பாள். அவரும் சொல்வார்.

இந்தக் குட்டு உடைந்தது 1988 செப்டம்பர் கடைசியில், ஒரு புதன்கிழமை.

அன்றைக்கு மூத்தோர் சங்கத்துப் பயணம். இருபத்தேழு பேர். தலைவி அத்ரியென் மலான்ஃபான், எழுபத்தொரு வயது, நாலரை அடி உயரம். நாற்பது வருஷம் ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்தியவர் என்பதால் கடைசி இருக்கைவரை பேச அவருக்கு மைக் தேவைப்பட்டதில்லை. கிளேர்மோனே அவரிடம் மூன்றாம் வகுப்புப் படித்தவர். ஐம்பத்திரண்டு வயதிலும் அந்த அம்மாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இவருக்கு முதுகு நிமிர்ந்துவிடும்.

நிறுத்துமிடத்தில் வழிகாட்டிப் பெண் ஒருத்தி பத்து மணிக்கு வந்து காத்திருப்பதாக ஏற்பாடு. பத்தேகால் ஆயிற்று, ஆளைக் காணோம். காவல் கூண்டிலிருந்தவர் வெளியே வந்து கையை ஆட்டினார்.

"யாரு மதாம் மலான்ஃபான்? போன் வந்துச்சு. உங்க வழிகாட்டிப் பொண்ணுக்குக் காலையிலயே வலி எடுத்துருச்சாம். ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா. ஆம்பளைப் பிள்ளையாம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் விஷயம் உறைத்தது.

"அதனால என்ன?" என்றார் அத்ரியென். "நம்ம கிளேர்மோன் இருக்கான். அவனுக்குத் தெரியாத சந்தா? கிளேர்மோன், தொப்பியை எடுத்துக்க!"

கிளேர்மோன் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார். "நானா? வண்டியை யாரு பார்த்துக்கறது மதாம்? வண்டியை விட்டுட்டு நான் வரவே கூடாது. கம்பெனி உத்தரவு."

பக்கத்து வண்டியின் படியில் உட்கார்ந்து ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்த ஃபபியென் எழுந்தான். உண்மை தெரிந்த ஒரே ஆள் அவன்தான். சிரிப்பை அடக்கி அடக்கி அவன் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது.

"நீ போய்ட்டு வாடா கிளேர்மோன். உன் வண்டியை என் கண்ணு மாதிரி பார்த்துக்கறேன். அஞ்சு மணி வரைக்கும் நான் இங்கேதான். பாவம், இவங்க எல்லாரும் உன்னை நம்பி வந்திருக்காங்க இல்ல?"

"நீ நாசமாப் போக" என்று உதட்டை அசைக்காமல் சொன்னார் கிளேர்மோன்.

"நல்லாச் சுத்திக் காட்டு!" என்றான் அவன்.

சரி, ஆனது ஆகட்டும் என்று கிளம்பினார். மனசுக்குள் ஒரு கணக்கு. முன்னால் மஞ்சள் கொடி பிடித்த ஒரு வழிகாட்டி, பின்னால் முப்பது பேரோடு போய்க்கொண்டிருந்தான். கொடி போகிற இடம் பார்க்க வேண்டிய இடமாகத்தானே இருக்கும்? கிளேர்மோன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தெரிந்தவர் மாதிரி, இருபதடி தள்ளிப் பின்தொடர்ந்தார். கொடி இடப்பக்கம் திரும்பினால் இவரும் "இப்படி வாங்க" என்று இடப்பக்கம் திரும்புவார். பழைய கிடங்குகளைத் தாண்டி, சரக்குக் கொட்டகையைத் தாண்டி, கொடி ஒரு இரும்புப் பாலத்தில் ஏறியது. பாலத்தின் மறுமுனையில் நாலு மாடி உயரத்துக்கு ஒரு வெள்ளைக் கப்பல். சீருடைக்காரர் ஒருவர் கையை நீட்டினார்.

"பயணச் சீட்டு, முசியே?"

அந்தக் கூட்டம் ஊரைப் பார்த்து முடித்துவிட்டுக் கப்பலேறுகிற கூட்டம்.

"தபர்னாக்" என்று வைதார் கிளேர்மோன், சத்தமாகவே. கோயில் பீடத்து நற்கருணைப் பேழையின் பெயர்தான் அந்தப் பக்கத்தில் வசவு.

பின்னாலிருந்து அத்ரியெனின் குரல் வந்தது. "கோயில் பீடத்து மேல இருக்க வேண்டியதையெல்லாம் வாயில வச்சுக்கிட்டுத் திரியாதே. அது இருக்கட்டும், நாம இப்ப எந்த நாட்டுக்குப் போறோம் கிளேர்மோன்? நான் கம்பளிச் சட்டை எடுத்துட்டு வரலையே!"

"கப்பலைக் காட்டலாம்னுதான்…" என்று இழுத்தார். "இவ்வளவு பக்கத்துல யாரு பார்த்திருக்கீங்க?"

பார்த்ததில்லை என்று ஒன்றிரண்டு பேர் தலையாட்டினார்கள். அத்ரியென் மட்டும் அவர் காதுகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வகுப்பிலேயே பொய் சொன்னால் சிவக்கிற காதுகள் அவை.

அடுத்த வழி சுலபமாகப் பட்டது. குன்றின் உச்சியில் கோட்டை மாதிரி நிற்கிற பச்சைக்கூரை ஹோட்டல் எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிறது. அதை நோக்கி நடந்தால் தப்பாது. நடக்க நடக்கக் கல் பாவிய தெருக்கள் குறுகிக்கொண்டே வந்தன. கிளேர்மோனுக்குச் சுவரும் சன்னலும் பூந்தொட்டியும் கண்ணில் படவில்லை. இந்த முனையில் வண்டி திரும்புமா, அந்தப் பலகை கண்ணாடியில் இடிக்குமா என்றே மனசு ஓடிற்று. ஒரு சந்தில் நின்று, "இதுல சைக்கிளைக்கூடப் பின்னால எடுக்க முடியாது" என்று முணுமுணுத்தார். "முன்னூறு வருஷமா இங்க யாருக்கும் ரிவர்ஸ் எடுக்கிற வேலையே வரலையாக்கும்."

கழுத்தொடி படிக்கட்டின் அடியில் வந்து நின்றார்கள். பக்கத்திலேயே, ஆட்களைக் கம்பியால் இழுத்துக் குன்றின் மேல் ஏற்றுகிற பெட்டியின் நிலையம். முழங்கால் சரியில்லாதவர்களெல்லாம் அந்தப் பக்கம் ஒதுங்க, எழுபத்தெட்டு வயது ஒவீத் மட்டும் கைத்தடியை ஊன்றிப் படியில் கால் வைத்தார். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பிடிவாதக்காரர்.

"நான் ஏறியே வரேன். பாதியிலதான் பெஞ்சு இருக்கே."

கிளேர்மோன் பின்னாலேயே ஏறினார். இருபது படி. இருபத்தைந்து. முப்பது. இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி, கடைகளின் வாசல், பூந்தொட்டி. பெஞ்சு மட்டும் இல்லை. ஒவீத் நின்றார். உதடு வெளுத்திருந்தது. மேலேயும் பார்த்தார், கீழேயும் பார்த்தார்.

"பெஞ்சு எங்கப்பா?"

கிளேர்மோனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால், திரும்புகிற வழியில், முன் இருக்கை அம்மாள் ஒருத்தி பேசிக்கொண்டு வந்தாள். ரிமூஸ்கிக்குப் போகிற லாரி ஒன்று இரைந்துகொண்டு தாண்டிப் போன நேரம் அது. "பாதியில ஒரு பெஞ்சு" என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. "போட்டிருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்" என்று அவள் முடித்திருப்பாள் போலிருக்கிறது.

ஒரு கிழவர் தன் வார்த்தையை நம்பி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார். இதற்குமேல் மறைக்க அவருக்கு மனசு வரவில்லை.

"பெஞ்சு இல்ல முசியே ஒவீத்" என்றார். பிறகு கீழே நின்றவர்களுக்கும் கேட்கும்படி திரும்பி, "பெஞ்சு கிடையாது! நான் இந்தப் படியில இன்னிக்குத்தான் ஏறுறேன். நடைமேடையையும் பார்த்ததில்ல, தேவாலயத்தையும் பார்த்ததில்ல. பத்தொன்பது வருஷமா அந்த வண்டிக் கொட்டாயில உட்கார்ந்து சீட்டு ஆடிட்டிருந்தேன். நீங்க எல்லாரும் பேசினதைத்தான் திருப்பி உங்ககிட்டயே சொன்னேன்."

ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர்கூட நக்குவதை நிறுத்திவிட்டார்.

ஒவீத்துக்கு மெல்ல மூச்சு திரும்பியது. "போன வருஷமும் இந்தப் பெஞ்சைத் தேடினேன்" என்றார். "கண்ணுலயே படலை. சரி, கண்ணு போயிருச்சுன்னு டாக்டர்கிட்ட ஓடினேன். இந்தா பாரு, புதுக் கண்ணாடி! இது உன்னால மாட்டினது!"

முதலில் சிரித்தது அத்ரியென். சன்னமாக ஆரம்பித்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு மொத்தப் பேருக்கும் தொற்றிக்கொண்டது.

"பெஞ்சு இல்லேன்னா நீ குனி" என்றார் ஒவீத். "உன் மேல உட்கார்றேன்."

கிளேர்மோன் நிஜமாகவே குனிந்தார். ஒவீத்தை முதுகில் ஏற்றிக்கொண்டு முப்பது படியையும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினார். வழிநெடுக ஆட்கள் ஒதுங்கி நின்று படம் பிடித்தார்கள். ஒவீத் மேலிருந்து கைத்தடியை நீட்டி, "இடது! இடது! பூந்தொட்டி!" என்று ஓட்டினார். முதல் தடவையாகத் தானே வண்டியாக இருப்பது எப்படி என்று கிளேர்மோனுக்குத் தெரிந்தது. பெட்டி நிலையத்தின் வாசலில் அவரை இறக்கிவைத்தபோது இவருடைய சட்டை நனைந்திருந்தது.

"இப்ப எல்லாரும் கேளுங்க" என்றார் அத்ரியென். "இந்த ஊருக்கு ஏற்கெனவே வந்தவங்க கையைத் தூக்குங்க." பத்தொன்பது கைகள். "சரி. ஆளுக்கு ஒண்ணு. உங்களுக்குப் பிடிச்சது எதுவோ அதை இவனுக்குக் காட்டணும். கிளேர்மோன், வாயைத் திறக்காம பின்னால வா."

கம்பிப் பெட்டிக்குள் ஏறியதும் அவர் வாயைத் திறந்துவிட்டார். "ஸ்டியரிங் எங்க இருக்கு?"

"இல்ல."

"பிரேக்கு?"

"கண்ணை மூடிக்க" என்றாள் பக்கத்தில் நின்றவள். ஒரு நிமிஷம்தான். பெட்டி மேலே போய் நின்றது, கதவு திறந்தது. பலகை நடைமேடை நீளமாக விரிந்து கிடந்தது. மைக்கில் சொன்னபடியே காற்று அவர் தொப்பியைப் பிடுங்கப் பார்த்தது.

வேலி ஓரம் போய் நின்றார். கீழே சாம்பல் நிறக் கூரைகள், புகைபோக்கிகள், எதிர்க்கரை லேவிக்குப் போகிற படகு, அக்கரையில் சிவந்து வருகிற மரங்கள். நடுவே ஆறு. அவர் பிறந்து வளர்ந்த ஊரில் அந்த ஆற்றின் மறுகரை தெரிகிறதா இல்லையா என்று பந்தயம் கட்டுவார்கள். தண்ணீர் உப்புக் கரிக்கும், திமிங்கிலம் வந்து மூச்சு விடும். இங்கே அக்கரை வீட்டுச் சன்னலையே எண்ணிவிடலாம் போலிருந்தது.

"இதுவா நம்ம ஆறு? இவ்வளவு ஒல்லியா இருக்கு!"

"சின்ன வயசுல எல்லாரும் ஒல்லிதான்" என்றார் அத்ரியென். "நீயும்தான் இருந்தே."

அப்போது துறைமுகத்துப் பக்கம் எதையோ பார்த்து கிளேர்மோனின் கண் நின்றது. வரிசையாகச் சின்னச் சின்ன வெள்ளைப் பெட்டிகள். மூன்றாவது அவருடைய வண்டி. பத்தொன்பது வருஷத்தில் அதன் கூரையை அவர் மேலிருந்து பார்த்ததே இல்லை. ரொட்டித் துண்டு மாதிரி இருந்தது. ஒவீத் புதுக் கண்ணாடி வழியாகப் பார்த்து, "மேலெல்லாம் கடற்காக்கா எச்சம்" என்றார். வண்டிக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி ஒன்று. அதில் ஒரு பருத்த உருவம், காலை நீட்டி, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு.

"கண்ணு மாதிரி பார்த்துக்கறான்!" என்று கத்தினார் கிளேர்மோன். "ரெண்டு கண்ணையும் மூடிட்டு!"

அன்று மாலை வரை அவரை இழுத்துக்கொண்டு திரிந்தார்கள். ஒருத்தி படக்காரர்கள் சந்தில் தான் ஏமாந்து வாங்கின இடத்தைக் காட்டினாள். அதே ஆள் அதே படத்தை அதே விலைக்கு இன்னும் விற்றுக்கொண்டிருந்தான். செவிட்டு அண்ணன் தம்பி இருவர் அவரைப் பெரிய ஹோட்டலுக்குள் நெஞ்சை நிமிர்த்தி அழைத்துப்போய், நகரத்திலேயே சுத்தமான கழிப்பறை இதுதான் என்று நிரூபித்தார்கள். ஒரு விதவை மதில் ஓரத்துப் புல்மேட்டுக்குக் கூட்டிப்போய், "இங்கதான் என் வீட்டுக்காரர் கேட்டார், நான் சரின்னேன்" என்றாள். ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தார்கள். கீழ் ஊரின் சிறிய கல் தேவாலயத்தில் அத்ரியென் அவர் தாடையைப் பிடித்து மேலே தூக்கினார். கூரையிலிருந்து ஒரு பாய்மரக் கப்பல் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. "மேல பார்க்க மறக்காதீங்க" என்று நூறு தடவை சொன்னவர் அவர். மேலே இருப்பது என்னவென்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. ஏதோ வானதூதர் படமாக்கும் என்று நினைத்திருந்தார்.

திரும்பும்போது மைக்கைத் தொடவே இல்லை. பின்னால் இருபத்தேழு பேரும் பாடிக்கொண்டு வந்தார்கள்.

ஊரில் இறங்கிய மறுநாள் காலைக்குள் செய்தி கடை கடையாகப் போய்விட்டது. கறிக்கடைக்காரர், "இந்த மாட்டுத் தொடையைப் பார்த்து வாங்குறியா, கேள்விப்பட்டு வாங்குறியா?" என்றார். பெட்ரோல் போடப் போன இடத்தில், "பாரிஸ் எப்படியிருக்கு கிளேர்மோன்?" என்றார்கள். இதையெல்லாம் அவர் சிரித்துத் தாங்கினார். தாங்க முடியாதது வீட்டில் இருந்தது.

முதல்நாள் ராத்திரியே தானாகச் சொல்லிவிட்டிருந்தார். படிக்கட்டு, பெஞ்சு, ஒவீத் எல்லாம் சொல்லும்போது லிசெத் சிரிப்பாள் என்றுதான் எதிர்பார்த்தார். அவள் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"ஆறு தடவை கேட்டிருக்கேன், நானும் வரேன்னு. படி நிறைய, உன் காலு தாங்காதுன்னே. கூட்டம், உனக்குத் தலைவலி வரும்னே. உனக்குச் சலிச்சுப் போச்சுன்னு நானும் விட்டுட்டேன். நான் வந்தா உன் வண்டவாளம் வெளிய வந்துரும்னுதானே?"

கிளேர்மோன் எழுந்து போய்ச் சட்டியில் கிடந்த கரண்டியை எடுத்துக் கிளறினார்.

"என் காலுக்கு என்ன கேடு? தினமும் இருநூறு பிள்ளைங்களுக்கு நின்னுக்கிட்டே சோறு போடுற காலு இது!"

மூன்று நாள் பேச்சில்லை. சூப் மேஜைக்கு வரும், சூடாக வராது. நான்காம் நாள், தட்டைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி சொன்னாள்: "சனிக்கிழமை பாடகர் குழு போகுதாம். ரெண்டு இடம் சொல்லிட்டேன். நீ ஓட்டலை. நீ உட்கார்ந்து வரே."

அன்று வண்டி ஓட்டியவன் ரெஜினால், கிளேர்மோனுக்குப் பதினைந்து வயது இளையவன். ஒவ்வொரு வளைவிலும் கிளேர்மோனின் வலது கால் தரையை அழுத்தியது. "பிரேக்கை விடு" என்றாள் லிசெத், சன்னல் பக்கமிருந்து திரும்பாமல். "அது என் செருப்பு."

இந்த முறை அவருக்கு வழி தெரியும். ஆனால் லிசெத்துக்கு வேறு திட்டம். இறங்கியதும் கைப்பையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"முதல்ல அந்தக் கிளி."

"எந்தக் கிளி?"

"பேக்கரிக் கிளி. கல்லாப்பெட்டி மேல உட்கார்ந்து, குண்டா யாராவது உள்ள வந்தா 'ஒண்ணு போதும், ஒண்ணு போதும்'னு கத்துமே, அது. நீதானே சொன்னே?"

கிளேர்மோன் திருதிருவென்று விழித்தார். தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார். "அது… அது மட்டும் யாரும் சொல்லிக் கேட்டதில்ல லிசெத். நானாச் சொன்னது."

"ஏன்?"

"உனக்கு அப்போ காய்ச்சல். எட்டு நாளாப் படுக்கை. சிரிப்பியேன்னு."

அவள் கொஞ்ச தூரம் முன்னால் நடந்தாள். பிறகு நின்றாள். "அன்னிக்குச் சிரிச்சேன்" என்றாள். "அதுக்காக உன்னை விட்டுருவேன்னு நினைக்காதே. நீ போய்க் கேட்கணும். ஒவ்வொரு கடையா."

அதுதான் தண்டனை. முதலில் மதில் வாசலைத் தாண்டி சான்-ழான் தெருவில் ஒரு பேக்கரி, பிறகு இன்னொன்று. கிளேர்மோன் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மன்னிக்கணும், இங்க கிளி இருக்கா?" என்று கேட்க வேண்டும். லிசெத் கதவோரம் நின்று வேடிக்கை பார்ப்பாள். ஒரு கடையில் அவருக்குக் கிளி வடிவத்தில் ரொட்டி வேண்டுமாக்கும் என்று நினைத்துக்கொண்டு, முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றார்கள். நாலாவது கடையில், மாவு அப்பிய கையோடு நின்ற அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கிளி இல்ல முசியே. மாமியார் இருக்காங்க. அவங்களும் சொன்னதையே சொல்லுவாங்க. கூட்டிட்டுப் போறீங்களா?"

கதவோரத்திலிருந்து லிசெத்தின் சிரிப்பு வெடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, அந்த அம்மாளிடம் மேப்பிள் பாகு ஊற்றிய பணியாரம் நாலு வாங்கினாள். வெளியே படியில் உட்கார்ந்து இருவரும் தின்றார்கள். கல் வீதியில் குதிரை வண்டி ஒன்று கடகடவென்று போயிற்று.

பிறகு எல்லாம் பார்த்தார்கள். லேவிப் படகில் மட்டும் மூன்று முறை போய் வந்தார்கள். நடுவாற்றில் நின்று ஊரைப் பார்ப்பது லிசெத்துக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று. மூன்றாவது தடவை படகு கரை தட்டியபோதுதான் கிளேர்மோன் மணி பார்த்தார். நாலரை. வண்டி கிளம்ப வேண்டியது நாலு மணிக்கு.

ஓடினார்கள். ஐம்பத்திரண்டு வயதில் வாழ்நாள் முழுதும் உட்கார்ந்தே வேலை பார்த்த ஒரு மனிதர் ஓடக்கூடிய வேகத்தில் ஓடினார்கள். நிறுத்துமிடத்தில் ரெஜினால் படியில் நின்று கையைக் கட்டிக்கொண்டிருந்தான். உள்ளே நாற்பது முகங்களும் கண்ணாடியில் ஒட்டியிருந்தன. இவர்கள் ஏறியதும் அத்தனை பேரும் மெதுவாக, ஒரே தாளத்தில் கைதட்டினார்கள். தாமதமாக வருகிறவர்களுக்குச் செய்கிற மரியாதை அது. கிளேர்மோன் எத்தனையோ பேருக்கு முன்னின்று நடத்தியிருக்கிறார். தான் வாங்கிக்கொண்டது இதுவே முதல் தடவை. பின் இருக்கை வரை தலைகுனிந்து நடந்தார். லிசெத் ராணி மாதிரி இரண்டு பக்கமும் தலையசைத்துக்கொண்டே வந்தாள்.

ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். கிளேர்மோனுக்குத் தூக்கம் வரவில்லை. கையில் ஸ்டியரிங் இல்லை, கண்ணாடி பார்க்க வேண்டியதில்லை. வேறு வழியின்றிச் சன்னலுக்கு வெளியே பார்த்தார். சாயங்கால வெயிலில் ஆற்றோரத்து ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. வைக்கோல் கொட்டகைகள், சிவப்புக் கதவு வைத்த வீடுகள், துணி காயும் கொடிகள், சேற்றில் இறங்கிய வாத்துக் கூட்டம். ஓர் ஊரில் தண்ணீரை ஒட்டி ஒரு கல் தேவாலயம் நின்றது. கோபுரங்கள் இரண்டும் வெள்ளியாக மின்னின.

தனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரின் தோளைத் தட்டினார். "ஏங்க, அந்தக் கோயிலுக்கு எப்போ ரெண்டாவது கோபுரம் கட்டினாங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். "அதுவா? நூறு வருஷத்துக்கு மேல இருக்குமே."

"அப்படியா" என்றார் கிளேர்மோன். அடுத்த ஊரைக் காட்ட லிசெத்தை எழுப்பலாமா என்று யோசித்தார்.